நேனோகிளே போட்ட பிபி பழுப்பாகிறதா? ஆர்பிஎம்மில் கை வைக்கும் முன் மெல்ட் சூட்டைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். ஓசூர் அருகே ஒரு காம்பவுண்டிங் யூனிட்டில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். கார் உட்பாகங்கள் வார்க்கும் வாடிக்கையாளர் ஒருவருக்காக, 20 சதவீத டால்க் போட்ட பாலிபுரொப்பிலீனுக்கு (பிபி) பதில் 5 சதவீத ஆர்கனோகிளே (ஆர்கானிக் பூச்சு பூசிய நேனோகிளே) போட்ட காம்பவுண்ட் தயாரித்துப் பார்க்கிறோம். கிளேயும் பிபியும் ஒட்டுவதற்காக மெலிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பிபியும் சேர்க்கிறோம். ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் (இரண்டு திருகுகள் சுழன்று உருக்கிக் கலக்கும் மெஷின்) 250 ஆர்பிஎம்மில் எடுத்த முதல் லாட் நிறம் நன்றாக இருந்தது. ஆனால் கிளே சரியாகப் பிரியவில்லை என்று லேப் சொன்னது. ஃபீட் ரேட்டை மாற்றாமல் 450-க்கு ஏற்றினோம், உருகிய பிளாஸ்டிக்கை (மெல்ட்) பிசையும் நீடிங் பிளாக்கும் கூட்டினோம். இப்போது ஸ்ட்ராண்ட் (வெளியே வரும் இழை) பழுப்பாக வருகிறது, டை (இழை வெளியேறும் வாய்) பக்கத்தில் மீன் வாடை அடிக்கிறது. எம்எஃப்ஐ (உருகியது எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவு) 9-லிருந்து 19-க்குப் போய்விட்டது, இம்பாக்ட் (அடி தாங்கும் திறன்) பாதியாகிவிட்டது. எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் கிளேயின் 3.6 டிகிரி முகடு போய் 6.4-ல் ஒரு மேடு தெரிகிறது. பேரல் செட்டிங் 210-ஐத் தாண்டவில்லை. கிளே சப்ளையரோ, 'கிளே போட்டால் வெப்பம் தாங்கும் திறன் கூடத்தான் செய்யும்' என்று டிஜிஏ வரைபடத்தை (சூடேற ஏற எடை குறைவதைக் காட்டுவது) நீட்டுகிறார். எங்கே தவறு? இதே கிளேயை பெட் பாட்டிலுக்கும் கேட்கிறார்கள், செய்யலாமா?

பதில்:

வணக்கம். நிறம், வாடை, எம்எஃப்ஐ, எக்ஸ்ரே என நான்கையும் ஒரே கடிதத்தில் எழுதியதால் என் வேலை பாதி குறைந்துவிட்டது. நான்கும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. முதலில் கெட்டது உங்கள் பிபி அல்ல. கிளேயின் மேல் பூசியிருந்த ஆர்கானிக் பூச்சு முதலில் சிதைந்தது, அது சிதைந்த பிறகு பிபியையும் வெட்ட ஆரம்பித்தது. அதைத் தொடக்கிவைத்தது, ஃபீட் ரேட்டை அப்படியே விட்டு ஆர்பிஎம்மை மட்டும் ஏற்றியது.

நீங்கள் வாங்கும் கிளே மான்ட்மோரில்லோனைட். அப்பளக் கட்டு போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஏடுகள். ஓர் ஏட்டின் தடிமன் ஏறக்குறைய 1 நானோமீட்டர்தான். அகலம் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். 5 சதவீதம் போட்டாலே விறைப்பு கூடுவதற்கு இந்தத் தட்டை வடிவமே காரணம். ஏடுகளின் முகத்தில் இயல்பாகவே எதிர் மின்னேற்றம் இருக்கும், இடையில் சோடியம் அயனி இருக்கும், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ச் சுபாவம் உள்ள பிபி அதற்குள் எட்டியும் பார்க்காது. அதனால் சோடியத்தை எடுத்துவிட்டு, நீண்ட கார்பன் வால் கொண்ட குவாட்டர்னரி அமோனியம் உப்பை அங்கே நுழைக்கிறார்கள். சந்தையில் கிடைக்கும் பல ஆர்கனோகிளேயில் இந்த வால், ஹைட்ரஜன் ஏற்றிய மாட்டுக் கொழுப்பிலிருந்து வருவது. மூட்டையில் 30-லிருந்து 40 சதவீதம் எடை இந்தப் பூச்சுதான். 100 கிலோ கிளே வாங்கினால் 60 அல்லது 70 கிலோதான் களிமண்.

இந்தப் பூச்சுக்குச் சூடு ஆகாது. அமோனியம் உப்புகள் ஹாஃப்மன் நீக்கம் என்ற வழியில் உடையும்: நீண்ட வால் ஒலிஃபினாகக் கழன்றுவிடும், மீதி அமீனாக வெளியேறும், களிமண் முகத்தில் ஒரு ஹைட்ரஜன் அயனி மட்டும் தங்கிவிடும். ஆர்கனோகிளேயை மட்டும் எடுத்து, நைட்ரஜன் சூழலில் சூடேற்றிப் பார்த்த 2001-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் (ஷீ, வையா முதலியோர்) இந்தச் சிதைவு 180 டிகிரி செல்சியஸ் அருகிலேயே தொடங்குவது தெரிந்தது. பிபி உருகுவதே 165 டிகிரி வாக்கில். ஆக, பிபியை ஓட்டுகிற எந்தப் பேரலும் இந்தப் பூச்சுக்கு ஆபத்தான இடம்தான். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதில்தான் தப்பிப்பது இருக்கிறது. கழுவாமல் விட்ட மிகை உப்பு கிளேயில் இருந்தால் அது இன்னும் சீக்கிரம் போகும். உங்கள் டை பக்கத்து மீன் வாடை அந்த அமீன். வாடை வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கச் சொல்லாதீர்கள், எக்ஸாஸ்ட் போடுங்கள்.

வால் போன பிறகு களிமண் முகத்தில் நிற்கும் அந்த ஹைட்ரஜன் அயனி ஓர் அமிலப் புள்ளி. போதாததற்கு மான்ட்மோரில்லோனைட்டின் கட்டமைப்பிலேயே கொஞ்சம் இரும்பு உண்டு. பெராக்சைடுகளை உடைத்து ஆக்சிஜனேற்றத்தை விரட்டும் குணம் அதற்கு. இந்த இரண்டும் சேர்ந்துதான் பிபி சங்கிலியை அறுக்கின்றன. நீங்கள் போடும் ஆன்டிஆக்சிடன்டும் முழுதாக வேலைக்கு வருவதில்லை, ஒரு பகுதியைக் களிமண் முகம் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. சாதாரண பிபிக்குப் போடுகிற அதே அளவு இங்கே போதாமல் போவதற்கு இதுவே காரணம்.

எம்எஃப்ஐ எண்ணை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். நன்றாகப் பிரிந்த கிளே மெல்ட்டைக் கெட்டியாக்கும், எம்எஃப்ஐ இறங்க வேண்டும். உங்களுக்கு 9 போய் 19. கிளே கெட்டியாக்கியதையும் மீறி இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால், சங்கிலி அறுந்தது அந்த எண் காட்டுவதைவிட அதிகம். இதே கதை பாலிஎதிலீனில் வேறு மாதிரி முடியும். அங்கே சிதைவு குறுக்குப் பிணைப்பாகப் போய் எம்எஃப்ஐ இறங்கலாம், பார்ப்பவர் கிளே நன்றாகப் பிரிந்ததால் இறங்கியது என்று சந்தோஷப்பட்டுவிடுவார்.

எக்ஸ்ரே ரிப்போர்ட்டுக்கு வருவோம், அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காப்பர் கதிரில் 3.6 டிகிரி முகடு என்றால் ஏடுகளுக்கு இடையிலான அடுக்கு இடைவெளி சுமார் 2.45 நானோமீட்டர். பிபி உள்ளே போயிருந்தால் முகடு இடப்பக்கம், அதாவது சிறிய கோணத்துக்கு நகரும். முழுதும் பிரிந்தால் முகடே காணாமல் போகும். உங்களுக்கு வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. 6.4 டிகிரி என்பது சுமார் 1.38 நானோமீட்டர். இடையில் இருந்த வால்கள் போய் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். ஒரே ஓர் எச்சரிக்கை: 3.2 டிகிரியிலும் ஒரு முகடு இருந்தால், 6.4 அதன் இரண்டாம் வரிசை எதிரொலியாக இருக்கலாம். அப்போது கதை தலைகீழ், கிளே விரிந்திருக்கிறது. வரைபடத்தை 2 டிகிரியிலிருந்து முழுதாக வாங்கிப் பாருங்கள். வாடையும் நிறமும் இருப்பதால் எனக்கு இதில் பெரிய சந்தேகம் இல்லை, என்றாலும் ரிப்போர்ட்டில் ஒட்டியிருக்கும் ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

சப்ளையர் காட்டிய டிஜிஏ பொய்யில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. நிமிடத்துக்கு 10 அல்லது 20 டிகிரி வேகத்தில் சூடேற்றி, பாதி எடை போகும் இடத்தைப் பார்த்தால் கிளே போட்ட சாம்பிள் தாக்குப்பிடிப்பதாகவே தெரியும். ஏடுகள் வாயுக்களுக்குக் குறுக்கே நின்று அவை வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. தீத்தடுப்பு ஆராய்ச்சியில் கிளேக்கு மதிப்பு கிடைத்ததும் இதனால்தான். உங்கள் பேரலில் நடப்பது அந்த 400 டிகிரிச் சமாச்சாரம் இல்லை. கணக்குப் போடுங்கள்: காம்பவுண்டில் 5 சதவீதம் கிளே, அதில் 40 சதவீதம் பூச்சு, மொத்தத்தில் 2 சதவீதம். பூச்சு முழுவதும் ஆவியாகிப் போனாலும் வரைபடத்தில் 100 என்பது 98 ஆகும், அவ்வளவுதான். பேனாக் கோட்டின் தடிமனில் அது மறைந்துவிடும். அவரிடம் வேறு இரண்டு சோதனை கேளுங்கள்: கிளேயை மட்டும் தனியாகப் போட்ட டிஜிஏ, அதிலும் 220 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்திவைத்து எடுத்தது, காற்றில் ஒன்று, நைட்ரஜனில் ஒன்று. கிளேயின் உண்மையான ஜாதகம் அதில் இருக்கும்.

இனி ஆர்பிஎம். பேரல் செட்டிங் 210 என்கிறீர்கள். அது ஸ்டீலின் சூடு. மெல்ட்டின் சூடு வேறு. 450 ஆர்பிஎம்மில், கூடுதல் நீடிங் பிளாக்கோடு, மெல்ட் செட்டிங்கைவிட 20, 30 டிகிரி மேலே போவது சர்வ சாதாரணம். நீடிங் பிளாக்கின் முனைக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் அதைவிடவும் கூடும். டிஸ்பிளேயில் தெரியும் டை சென்சாரும் பாதி நேரம் உலோகத்தைத்தான் படிக்கும். டையிலிருந்து வரும் மெல்ட்டை ஒரு கட்டியாகச் சேர்த்து, ஊசி வகை தெர்மோகப்பிளை முன்கூட்டியே கொஞ்சம் சூடாக்கி அதன் நடுவில் குத்தி, ஆட்டிக்கொண்டே படியுங்கள். கையுறை போட மறக்காதீர்கள்.

தெர்மோகப்பிள் கிடைப்பதற்குள் ஒரு கணக்கு செய்யலாம். மோட்டார் உண்மையில் இழுக்கும் கிலோவாட்டை, மணிக்கு ஓடும் கிலோவால் வகுங்கள். பிபியை அறைச் சூட்டிலிருந்து 210 வரை கொண்டுபோக ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.15 கிலோவாட்-அவர் போதும். உதாரணத்துக்கு, மணிக்கு 60 கிலோ ஓட்டும்போது மோட்டார் 12 கிலோவாட் இழுத்தால் 0.20, அதே 60 கிலோவுக்கு 20 கிலோவாட் இழுத்தால் 0.33. மிச்சம் எங்கே போகும்? பேரல் கூலிங் எடுத்தது போக மற்றதெல்லாம் மெல்ட்டின் தலையில். ஃபீட் ரேட்டைக் கூட்டாமல் ஆர்பிஎம்மை ஏற்றினால் ஸ்க்ரூ அரைகுறையாக நிறைந்து ஓடும், ஒவ்வொரு கிலோவும் வாங்கும் அடி கூடும். இரண்டையும் சேர்த்து ஏற்றியிருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது.

சரி, கிளேயைப் பிரிக்க ஷியர் (ஸ்க்ரூ தேய்த்து இழுக்கும் விசை) வேண்டாமா? வேண்டும், ஓரளவுக்கு. நைலான் 6-ல் பலவகை எக்ஸ்ட்ரூடர்களையும் ஸ்க்ரூ அமைப்புகளையும் ஒப்பிட்டு டென்னிஸ், டான் பால் முதலியோர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பேரலில் தங்கும் சராசரி நேரம் கூடினால் பொதுவாகப் பிரிவது மேம்படுகிறது. ஆனால் ஷியர் ஓர் அளவைத் தாண்டினால் பிரிவது மோசமாகிறது என்பது அதில் தெரிந்தது. அப்பளக் கட்டைக் குத்தினால் ஏடு பிரியாது, நொறுங்கும். கட்டை முதலில் சிறு கட்டுகளாக உடைக்கத்தான் ஷியர் தேவை. அதற்குப் பிறகு பாலிமர் ஓரங்களிலிருந்து ஊர்ந்து உள்ளே நுழையக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்தையே பூச்சும் சிதைவதற்குப் பயன்படுத்திக்கொள்கிறது. பிரிய உதவுவதும் கெடுப்பதும் ஒரே கைப்பிடி. சூட்டைக் குறைத்து நேரம் கொடுப்பதுதான் இதில் நமக்குள்ள ஒரே இடைவெளி.

ஆகவே முதலில் மூன்று சாம்பிள் ஓட்டுங்கள். கிளே மட்டும் இல்லாமல், மற்ற எல்லாம் சேர்த்து 450-ல் ஒன்று. கிளேயோடு 250-ல் ஒன்று. கிளேயோடு 450-ல் ஒன்று. மூன்றுக்கும் மெல்ட் சூடும் எம்எஃப்ஐயும் எடுங்கள். கிளே இல்லாததே எம்எஃப்ஐ நன்றாக ஏறியிருந்தால் குற்றம் மெஷின் மேல். அது நிலையாக இருந்து கிளே போட்டது மட்டும் ஏறினால் நான் மேலே சொன்ன அமிலக் கதை. எஃப்டிஐஆரில் (அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை) 1715 அருகே, ஆக்சிஜனேற்றத்தின் அடையாளமான கார்போனைல் முகடைப் பார்க்கச் சொல்லலாம். மெலிக் ஏற்றிய பிபியும் அந்தச் சுற்றுவட்டாரத்தில், 1780 வாக்கில், தன் முகடைக் காட்டும். கிளே இல்லாத சாம்பிளோடு வைத்துப் பார்த்தால்தான் குழப்பம் வராது. இந்தச் சோதனைகளைச் சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) மாதிரி இடங்களில் சாம்பிள் கொடுத்து வாங்கலாம்.

அடுத்து, கிளே எங்கே உள்ளே போகிறது? நீங்கள் எழுதவில்லை, மெயின் ஹாப்பரிலேயே தூளாகப் போடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், பெரும்பாலான சின்ன யூனிட்டுகளில் அப்படித்தான். அந்தத் தூள் பஞ்சு மாதிரி, தன்னோடு நிறையக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பிபி உருகும் பகுதியில்தான் பேரலின் உச்ச அடி விழும்; அங்கே சூடும் காற்றும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அடியால்தான் கிளே நன்றாகப் பிரிகிறது என்று வாதாடுபவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் நிறம் முக்கியமான பிபி காம்பவுண்டில் என் ஓட்டு, பேரலின் பாதி வழியில் பக்கவாட்டில் ஊட்டும் சைடு ஃபீடருக்கே. பிபி, மெலிக் பிபி, ஆன்டிஆக்சிடன்ட் எல்லாம் முதலில் உருகிக் கலந்துவிடட்டும். கிளே அதற்குப் பிறகு வரட்டும். சைடு ஃபீடர் வாங்க வசதியில்லை என்றால் பிபியிலேயே கிளேயை அடர்த்தியாகக் கலந்து செய்த நேனோகிளே மாஸ்டர்பேட்ச் வாங்கி 250, 300 ஆர்பிஎம்மில் இறக்குங்கள். விலை கூடும்தான், வீணாகிற லாட்டின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

பேரலை 180, 190 சுற்றி வைத்து, மெல்ட் 210-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டிய நீடிங் பிளாக்குகளில் பாதியைக் கழற்றிவிடுங்கள். இடதுகை எலிமென்ட் (பின்னோக்கித் தள்ளும் ஸ்க்ரூத் துண்டு) போட்டு மெல்ட்டை அணைகட்டி நிறுத்தியிருந்தால் அதை முதலில் எடுங்கள், நெடுநேரம் தேங்கிக் கருகுவது அதன் முன்னால்தான். வென்ட்டில் வேக்யூம் உண்மையிலேயே இழுக்கிறதா என்று கேஜைப் பாருங்கள்; வெளியேற வேண்டிய அமீனும் ஈரமும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கிளேயை 80 டிகிரியில் காயவைத்துப் போடுங்கள். ஃபீனாலிக், பாஸ்பைட் ஆன்டிஆக்சிடன்ட் ஜோடியை இப்போதைய அளவிலிருந்து படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள், கூடவே கால்சியம் ஸ்டீரேட் அல்லது ஹைட்ரோடால்சைட் மாதிரி அமிலம் உறிஞ்சும் ஒன்றும் இருக்கட்டும். ஆன்டிஆக்சிடன்ட் மட்டும் கூட்டினால் நிறம் கொஞ்சம் தேறும். பூச்சு சிதைவதை அது தடுக்காது. சூடுதான் சிதைக்கிறது, ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் ஹாஃப்மன் நடக்கும்.

உங்கள் கையில் இல்லாத ஓர் இடமும் இருக்கிறது. உங்கள் எக்ஸ்ட்ரூடரில் மெட்டீரியல் தங்குவது ஒன்று, இரண்டு நிமிடம். வாடிக்கையாளரின் மோல்டிங் மெஷினில்? பேரலில் 300 கிராம் பிடிக்கும் மெஷினில் 30 கிராம் பாகம் வார்த்தால், 40 செகண்ட் சைக்கிளுக்குப் பத்து ஷாட், கிட்டத்தட்ட ஏழு நிமிடம். சாப்பாட்டு நேரத்தில் ஹீட்டரை அணைக்காமல் போனால் அரை மணி. நீங்கள் பொன்னாகக் கொடுத்தாலும் அங்கே பழுப்பாகலாம். டேட்டா ஷீட்டில் உச்ச மெல்ட் சூட்டையும் தங்கும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஸ்ப்ரூ, ரன்னர் கழிவை அரைத்த ரீகிரைண்டை ஆரம்பத்தில் சேர்க்கவே வேண்டாம் என்பேன். ஒருமுறை ஒட்டிக்கொண்ட ஏடு மறுபடி ஓட்டினால் விரியாது.

பெட் பாட்டிலுக்கு இதே கிளேயா? கூடாது. பெட் ஓடுவது 260-லிருந்து 285 டிகிரியில். அந்தச் சூட்டில் இந்த அமோனியம் பூச்சு ஒரு நிமிடம்கூட உருப்படியாக நிற்காது. பெட்டின் ஐவி (சங்கிலி நீளத்தைக் காட்டும் பிசுக்கு எண்) விழும், மஞ்சளாகும், அதோடு கிளே கொண்டுவரும் ஈரம் பெட்டைத் தண்ணீராலேயே வெட்டும். அந்த வேலைக்கு இமிடசோலியம் அல்லது பாஸ்போனியம் பூச்சு வேண்டும்; அமெரிக்காவின் தர நிர்ணய ஆய்வகமான என்ஐஎஸ்டியில் கில்மன் குழுவினர் 2002-ல் இமிடசோலியம் கிளே பற்றி வெளியிட்டது இந்தத் தேவையை ஒட்டித்தான். 'டொயோட்டா நைலானில் செய்தார்களே' என்று யாராவது கேட்டால், அவர்கள் நைலானை உருக்கிக் கிளே கலக்கவில்லை, அமினோ அமிலம் பூசிய கிளேயின் இடையில் கேப்ரோலாக்டத்தை வைத்து அங்கேயே பாலிமர் ஆக்கினார்கள் என்று சொல்லுங்கள். அது வேறு ஆட்டம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வாடிக்கையாளருக்குத் தேவை விறைப்பு மட்டும்தானா, எடையும் குறைய வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். விறைப்பு மட்டும்தான் என்றால் டால்க்கிலேயே இருங்கள். டால்க் இவ்வளவு வம்பு பண்ணாது. எடை குறைய வேண்டும் என்றால் இந்த மெனக்கெடலுக்கு அர்த்தமுண்டு. பாகம் கண்ணாடி வழியே வெயில் படும் இடத்தில் வருமானால், கிளே போட்ட பிபி வெளிச்சத்திலும் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் ஆகும் என்பதையும் நினைவில் வைத்து, வெதரிங் சோதனை முடியாமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

யார்டில் கிடக்கும் பழுப்பு லாட்டைப் புதிய லாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடலாம் என்ற யோசனை வரும். செய்யாதீர்கள், அதிலுள்ள அமிலக் கிளே நல்ல பிபியையும் வெட்டும். கறுப்பு மாஸ்டர்பேட்ச் போட்டு, பாரம் தாங்காத, வெயில் படாத சாதாரண வார்ப்புக்குத் தனியாக, எம்எஃப்ஐ இத்தனை என்று சொல்லியே விற்றுவிடுங்கள். மூன்று சாம்பிளின் எண்கள் வந்ததும் மெல்ட் சூட்டோடு சேர்த்து எழுதுங்கள், ஸ்க்ரூ அமைப்பின் படமும் வேண்டும்.